கேட்கப்படாதவர்களின் ஒப்பந்தங்கள்

வலிமை மிக்க நாடொன்றின் அருகே சிறிய நாடொன்று அமைந்துவிடுமானால், அவ்விரண்டின் உறவை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்னும் வினா மிகத் தொன்மையானது. அண்டை வீட்டாரின் உரிமையை ஈமானோடு இணைத்துப் பேசும் மார்க்கத்தைப் பின்பற்றுகின்ற நமக்கு இவ்வினா புதியதுமன்று. ஆயினும் அரசியல் அறிஞர்கள் இதற்கு விடை கூறப் புகும்போது இரு சாராராகப் பிரிந்துவிடுகின்றனர். நாடுகளுக்கிடையே நல்லுறவும் ஒத்துழைப்புமே முதன்மையானவை, அண்டை நாட்டு மக்களின் உரிமைகளைப் பற்றிப் பேசப் புகுந்தால் உறவு முறியும் என்பர் ஒரு சாரார். மக்களாட்சி நெறியே முதன்மையானது, அதற்காக உறவு கெடினும் கெடுக என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கும் பழக்கம் நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வேரூன்றிவிட்டது.

இந்தத் தராசையே நாம் ஐயுறுகின்றோம். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்களை எடுத்துப் படிப்போமானால், எங்கே மக்கள் கேட்கப்படவில்லையோ அங்கே ஒத்துழைப்பும் நிலைக்கவில்லை என்பது தெளிவாகும். ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெற்றதாக எண்ணியவர்கள் ஈற்றில் இரண்டையும் இழந்தனர்.

இலக்கிய ஏட்டில் ஒப்பந்தத்துக்கு என்ன வேலை என வாசக அன்பர்கள் வினவக்கூடும். ஒப்பந்தமும் சொற்களால் ஆனதே. யாரை விளிக்கின்றது, யாரைப் பெயர் சொல்லி அழைக்கின்றது, யாரைப் பொதுச்சொல் ஒன்றினுள் அடக்கிவிடுகின்றது, எந்த இடத்தில் உறுதியாகப் பேசுகின்றது, எந்த இடத்தில் நழுவுகின்றது என்பவற்றை ஆராய்வது திறனாய்வாளனின் தொழிலன்றோ? ஒரு காப்பியத்தைப் படிக்கும் அதே கண்ணோடு இவற்றையும் படிக்கலாம். படித்தாகவும் வேண்டும், ஏனெனில் காப்பியத்தின் குறையால் எவரும் வீடிழப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் சென்னையில் வாழ்பவர்கள். அதாவது, இவ்வுறவில் வலிமை மிக்க நாட்டின் குடிமக்கள். டில்லியின் ஆதிக்கத்தைப் பற்றி முறையிட்டே பழகிப்போன நமக்கு, பாக் நீரிணையின் அக்கரையில் இருந்து பார்த்தால் நாமே பெரிய வீட்டுக்காரர்கள் என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

1964: எண்ணிக்கையாகிப்போன மக்கள்

1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புதுடில்லியில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களைப் பற்றியது அது. அவர்களின் தொகை ஏறத்தாழ 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என முடிவாயிற்று. பத்தாண்டுக்குப் பின், 1974 ஜனவரியில், அந்த எஞ்சிய தொகையையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

இவ்வுடன்பாட்டைப் படிக்கும்போது நம் கண்ணை உறுத்துவது அதன் எண்கணிதமே. யார் எங்கே வாழ விரும்புகின்றார் என்று கேட்டறிவதற்கு முன்னரே எத்தனை பேர் எங்கே போகவேண்டும் என்பது முடிவாகிவிட்டது. மலையகத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் இதனை எதிர்த்தார், எதிர்ப்பு எடுபடவில்லை. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இலங்கைக் குடியுரிமை வேண்டியோரின் தொகை அதற்கென ஒதுக்கப்பட்ட தொகையைப் பெரிதும் விஞ்சி நின்றது. மக்களின் விருப்பம் ஒரு திசையிலும் ஒப்பந்தத்தின் கணக்கு வேறு திசையிலும் சென்றன.

விளைவு என்ன? பதினைந்து ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று கூறப்பட்ட பணி முடியவே இல்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் புதிய ஏழைகளாக வாழ்வைத் தொடங்கினர். இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவு காண 2003ஆம் ஆண்டில் இலங்கை தனிச்சட்டம் ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று. நல்லுறவுக்காகச் செய்த உடன்பாடு, நாற்பதாண்டு காலம் இரு நாடுகளுக்கும் தீராத வழக்காக நீடித்தது.

1974, 1976: தெரிவித்தலும் கேட்டலும்

கச்சத்தீவின் கதை தமிழ்நாட்டில் அறியாதார் இலர். 1974 ஜூன் 26, 28 ஆகிய நாள்களில் கொழும்பிலும் டில்லியிலும் கையெழுத்தான உடன்பாடு, பாக் நீரிணையில் கடல் எல்லையை வரைந்து 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவை இலங்கையின் பக்கம் சேர்த்தது. இந்திய மீனவர்களும் புனித அந்தோணியார் கோயிலுக்குச் செல்வோரும் முன்போலவே வந்து போகலாம் என்று ஐந்தாம் பிரிவு கூறிற்று. வந்து போகலாம் என்றது. மீன் பிடிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் இன்றுவரை இரு தரப்பும் தத்தம் விருப்பப்படி பொருள்கொண்டு வருகின்றன.

1976 மார்ச் மாதத்தில் இரு அரசுகளும் மற்றோர் உடன்பாடு கண்டு கடிதங்களும் பரிமாறிக்கொண்டன. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடற்பகுதியில் மீன் பிடித்தல் ஆகாது என்பது அதில் உறுதியாயிற்று. அந்த நாளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நாடெங்கும் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கடலோர மக்களின் வாழ்வைத் தீர்மானித்த கடிதங்கள் எழுதப்பட்டபோது, அவர்களுக்காக வாய் திறக்கச் சட்டமன்றமே இல்லை.

1974 உடன்பாடு பற்றி அப்போதைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதிக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா, இல்லையா என்ற வாதம் 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் வேளையில் பெரிதாக எழுந்தது. கட்சிகள் தத்தமக்கு வேண்டிய ஆவணங்களை வீசிக்கொண்டன. அவ்வாதத்தில் எவருமே எழுப்பாத வினா ஒன்று உண்டு. ஒரு முதலமைச்சரிடம் அதிகாரி ஒருவர் செய்தி தெரிவிப்பதும், இராமேசுவரத்து மீனவரையும் தலைமன்னார் மீனவரையும் அழைத்துக் கருத்துக் கேட்பதும் ஒன்றாகுமா? தெரிவித்தல் வேறு, கேட்டல் வேறு. மக்களாட்சி என்பது இரண்டாவதைக் குறிக்கும் சொல். முதலாவதை முடியாட்சியிலும் முரசறைந்து செய்தார்கள்.

1987: உறுதியான சொற்களும் நழுவும் சொற்களும்

இனி நம் கட்டுரையின் நடுநாயகமான உடன்பாட்டுக்கு வருவோம். 1983 ஜூலைக் கொடுமைகளுக்குப் பின் சென்னை மாநகரம் ஈழப் பிரச்சினையின் இரண்டாம் தலைநகராகவே ஆகிவிட்டது எனலாம். அதற்கு முன்பே, 1982 மே 19ஆம் நாள், தியாகராய நகரின் பாண்டி பஜாரில் இரு போராளித் தலைவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட செய்தி நகரைத் திடுக்கிட வைத்தது. அடையாறு இந்திரா நகரில் விடுதலைப் புலிகளின் அலுவலகம் இயங்கியது. மயிலை மாங்கொல்லையிலும் ஏனைய திடல்களிலும் தலைவர்கள் முழங்கினர். நாமும் அம்முழக்கங்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டோம், அக்கண்ணீர் பொய்யானதன்று. ஆனால் அக்கரையில் வாழும் மக்களின் பெயரால் இங்கே பேசப்பட்ட அளவுக்கு, அம்மக்கள் எத்தனை வகையினர் என்பது இங்கே பேசப்படவில்லை.

1987 ஜூன் 3ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து உணவுப் பொருள்களுடன் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது பறந்து உணவுப் பொதிகளை வீசின. எட்டு வாரத்துக்குள், ஜூலை 29ஆம் நாள், ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டனர். நகரில் ஊரடங்குச் சட்டம். இலங்கைப் பிரதமர் பிரேமதாசாவே விழாவில் கலந்துகொள்ளவில்லை. மறுநாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்றபோது கடற்படை வீரர் ஒருவர் இந்தியப் பிரதமரைத் துப்பாக்கியால் தாக்கினார்.

அவ்வுடன்பாட்டுக்குச் சட்டவடிவம் தந்த இலங்கை நாடாளுமன்றமோ 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1982 டிசம்பரில் பொதுவாக்கெடுப்பு ஒன்றை நடத்தித் தன் ஆயுளைத் தானே ஆறாண்டு நீட்டித்துக்கொண்டது. பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியைக் கட்டாயமாக்கிய ஆறாம் திருத்தத்தின் விளைவாக, 1983இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் தம் இடங்களை இழந்திருந்தனர். ஆகவே, தமிழருக்கு அதிகாரப் பகிர்வு வழங்கிய பதின்மூன்றாம் திருத்தம் 1987 நவம்பரில் நிறைவேறியபோது, அவர்களின் முதன்மைக் கட்சி அச்சபையில் இருக்கவில்லை.

இத்தனையும் கூறுவதால் அவ்வுடன்பாட்டில் நன்மையே இல்லை என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. இலங்கை பல இனங்கள் வாழும் நாடு என்பதை அது ஏற்றது. தமிழ் ஆட்சிமொழி ஆவதற்கு வழி திறந்தது. மாகாண சபைகள் பிறந்தன. வலிமை மிக்க நாடொன்று தன் வலிமையைச் சிறுபான்மையினரின் உரிமைக்காகவும் செலவிட்டது என்பது சிறிய செய்தியன்று. வெறும் தன்னலமே அதன் நோக்கம் என்று எழுதுவோர் உடன்பாட்டை முழுதும் படித்தவராகார்.

ஆனால் முழுதும் படித்தால் வேறொன்றும் புலனாகின்றது. அந்த நாளில் கையெழுத்தானவை இரண்டு. ஒன்று உடன்பாடு, மற்றொன்று இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். இந்தியாவுக்கு ஊறு விளையும் வகையில் திருகோணமலைத் துறைமுகத்தைப் பிற நாடுகளின் படைப் பயன்பாட்டுக்கு விடலாகாது. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகள் இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகச் சீரமைக்கப்படும். அயல்நாட்டு வானொலி நிலையங்களும் அயல்நாட்டுப் படை, உளவு அலுவலர்களும் பற்றி மறு ஆய்வு நிகழும் என்பன கடிதங்களின் செய்தி. இவை பற்றிய சொற்கள் இறுக்கமானவை. உடன்பாட்டின் வேறோர் இடத்துக்கு வருவோம். வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தற்காலிகமாக இணைக்கப்படும். அவ்விணைப்புத் தொடரவேண்டுமா என்று 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாண மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்படும். ஆனால் குடியரசுத் தலைவர் தம் விருப்பப்படி அதனை ஒத்திவைக்கலாம். மக்களைக் கேட்போம் என்று சொன்ன அதே பிரிவிலேயே, கேட்காமல் இருப்பதற்கும் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கதவு வழியாகவே வாக்கெடுப்பு வெளியேறியது. அது ஒருபோதும் நடைபெறவில்லை. 2006 அக்டோபர் 16ஆம் நாள் இலங்கை உச்சநீதிமன்றம் இணைப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது; 2007 ஜனவரி முதல் நாள் இரு மாகாணங்களும் பிரிந்தன. இணைப்பை விரும்பியவரும் கேட்கப்படவில்லை, விரும்பாதவரும் கேட்கப்படவில்லை. எண்ணெய்க் கிடங்கு பற்றிய வாக்கோ மறக்கப்படவில்லை. 2022 ஜனவரியில் அதன்மீது புதிய உடன்பாடே கையெழுத்தாயிற்று. வடக்கு மாகாண சபைக்குத் தனியாக முதன்முதல் தேர்தல் நடந்தது 2013இல். 2019க்குள் இலங்கையின் மாகாண சபைகள் அனைத்தும் காலம் முடிந்து, மறுதேர்தலின்றி ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தன. இறுக்கமான சொற்களும் நழுவும் சொற்களும் தத்தம் பலனைத் தந்தன.

'தமிழ் பேசும் மக்கள்'

இனி நம் நெஞ்சுக்கு மிக நெருங்கிய பகுதி. கிழக்கு மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று, மூதூர் என அவர்களின் ஊர்கள் நீளும். தாய்மொழி தமிழ். கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் கொழும்புக்குமிடையே கொள்வினை கொடுப்பினையும் வணிகமும் கொண்ட நம் சமுதாயத்துக்கு அவர்கள் அயலாரல்லர். இரு மாகாணங்களும் இணைந்தபோது, மூன்றில் ஒரு பங்காக இருந்த அவர்கள் ஆறில் ஒரு பங்கினராயினர். இது நல்லதா தீயதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்களைக் கேட்டார்களா? இல்லை. அப்போது இலங்கையின் வெளியுறவு அமைச்சராக இருந்தவரே ஏ.சி.எஸ். ஹமீது என்னும் முஸ்லிம்தான். அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் இருப்பது வேறு, மூதூர் உழவரிடமும் கல்முனை நெசவாளரிடமும் கருத்துக் கேட்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உடன்பாட்டின் முகப்பில், இலங்கையின் இனங்களைப் பட்டியலிடுமிடத்தில், முஸ்லிம்களின் பெயர் உண்டு. உரிமையும் வாழ்விடமும் பேசப்படும் இடத்துக்கு வரும்போது அப்பெயர் மங்கி, 'தமிழ் பேசும் மக்கள்' என்ற பொதுச்சொல் முன்னே வருகின்றது. அச்சொல்லின் வரலாறு கண்ணியமானது. தந்தை செல்வநாயகம் 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி, முஸ்லிம்களையும் மலையகத்தாரையும் உள்ளடக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அதனைக் கையாண்டது. 1956 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம்களே வென்றனர். 1977இல் இளைஞர் அஷ்ரஃப் கூட்டணியின் பக்கம் நின்றார். அதே அஷ்ரஃப் பின்னர் முஸ்லிம் காங்கிரஸை வளர்க்க நேர்ந்தது ஏன்? அழைப்பாகப் பிறந்த சொல், காலப்போக்கில் மூடியாக மாறியதனால்தான். ஒருவரைத் தம்முள் சேர்த்துக்கொள்ளும் சொல், அவர் தம் வாயால் பேசவேண்டிய தேவையையும் நீக்கிவிடுமானால், அது அன்பின் சொல்லாக நீடிக்காது.

1988 நவம்பரில் இந்திய அமைதிப்படையின் பாதுகாப்பில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வடக்கில் போட்டியே இல்லை. கிழக்கில் போட்டி நிகழ்ந்தபோது முஸ்லிம் காங்கிரஸ் 17 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியாயிற்று. வாக்குரிமை கிடைத்த முதல் வாய்ப்பிலேயே அம்மக்கள் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டனர் என்பது இதன் பொருள். அதே ஆண்டு ஏப்ரலில் முன்னாள் கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத் தலைமையில் ஒரு குழு நம் சென்னைக்கு வந்து விடுதலைப் புலிகளின் பிரதிநிதிகளோடு பேசி ஓர் உடன்பாடு கண்டது. முஸ்லிம்களின் தனித்தன்மையை அது ஏற்றது. ஆனால் நம் நகரின் மேடைகளில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசினர்?

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சொல்லக் கை நடுங்குகின்றது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபர் இறுதியில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரும், எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. அமைதிப்படை அதே ஆண்டு மார்ச்சிலேயே திரும்பிவிட்டது. இக்கொடுமைகளுக்கு 1987 உடன்பாடே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. ஆயுதம் ஏந்தியவர்களின் பாவம் அவர்களையே சாரும். ஆனால் உடன்பாட்டிலும் கேட்கப்படாமல், மேடைகளிலும் பெயர் சொல்லப்படாமல் இருந்த ஒரு மக்கள், வெளியேற்றப்பட்டபோதும் நெடுங்காலம் கவனிக்கப்படாமலே இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

அமைதிப்படையின் நிலையும் எண்ணத்தக்கது. நண்பர்களாகச் சென்றவர்கள் மூன்று மாதத்துக்குள் போரில் சிக்கினர். ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிர் நீத்தனர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் மாண்டனர். 1990 மார்ச்சில் அப்படை சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தபோது, தமிழ்நாட்டு முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. வீரனை அனுப்பிய நாடும், அவனை ஏற்ற நாடும், அவன் காக்கச் சென்ற மக்களும் ஒருசேர அவனைக் கைவிட்டதற்குக் காரணம், அவன் கையில் தரப்பட்ட காகிதத்தில் அம்மக்களின் ஒப்புதல் இல்லாமைதான்.

நம் வாசிப்பின் குறை

ஈழத்து இலக்கியத்தைச் சென்னை ஆர்வத்தோடு படித்தது. பதிப்பாளர்கள் வெளியிட்டனர், திறனாய்வாளர் போற்றினர். ஆனால் அந்த வாசிப்பிலும் அதே குறை உண்டு. கல்முனையில் பிறந்த எம்.ஏ. நுஃமான், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதினார். நூலக எரிப்பைப் பற்றிப் பேசும் தமிழர் எவரும் அக்கவிதையைப் பேசாதிருப்பதில்லை. தமிழரின் துயரைத் தம் துயராகப் பாடிய அக்கவிஞர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்தவர். 1990க்குப் பின் அவருக்கும் அந்நகரில் இடமில்லாது போயிற்று. கவிதையைத் திரட்டில் சேர்த்த நாம், கவிஞர் ஊரைவிட்டு நீங்க நேர்ந்ததைத் திறனாய்வில் சேர்த்தோமா? நூலகத்தின் சாம்பலுக்கு அழுத ஏடுகளில், ஒரே நாளில் ஆளற்றுப்போன யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கப்பட்டது? இவ்வினாவைப் பிறரிடம் கேட்பதற்கு முன் முஸ்லிம் ஏடுகளாகிய நமக்குள்ளும் கேட்டுக்கொள்வது நன்று.

ஹுதைபிய்யா தரும் படிப்பினை

வலிமை மிக்கோரோடு உடன்பாடு செய்வதில் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களோடு உம்ராவுக்குப் புறப்பட்டு, மக்காவின் எல்லையில் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். குறைஷியரின் தூதர் சுஹைல், உடன்படிக்கையில் இறைத்தூதர் என்ற சொல்லையே ஏற்க மறுத்தார். அண்ணலார் அதனை நீக்கி அப்துல்லாவின் மகன் என்றே எழுதச் செய்தார்கள். ஒத்துழைப்புக்காகத் தம் பட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

ஆனால் அந்நிகழ்ச்சியை இத்தோடு நிறுத்திப் படிப்பது குறையான வாசிப்பு. உடன்பாட்டுக்கு முன் அங்கிருந்தோர் மரத்தடியில் கைகொடுத்து வாக்களித்தனர். உடன்பாட்டை உமர் (ரலி) அவர்கள் வெளிப்படையாகவே வினவினார்கள், அவ்வினா அடக்கப்படவில்லை. மனம் சோர்ந்திருந்த மக்களை எவ்வாறு நடத்துவது என்பதில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனை ஏற்கப்பட்டது. அனைத்துக்கும் மேலாக, அவ்வுடன்பாட்டால் உடனே பாதிக்கப்பட்ட அபூஜந்தல் (ரலி), விலங்கோடு அதே சபைக்கு வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது கசப்பானதே. ஆயினும் அவர் முகத்தைப் பார்த்து, அனைவரும் கேட்க, ஆறுதல் கூறியே அனுப்பினார்கள். பாதிக்கப்படுபவனின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்திடுவது நம் மரபன்று. மதீனா சாசனமும் இன்னின்ன குலத்தார் என ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே அழைத்தது. யூதக் குலங்களின் பெயர்களும் அதில் உண்டு.

ஆகாதென்பார்க்கு விடை

அரசுகள் ஒப்பந்தம் செய்யும்போது தெருவில் போவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க இயலுமா, இது நடைமுறைக்கு ஆகாத பேச்சு என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு நாம் காட்டுவது இந்தியாவின் கிழக்கெல்லையை. இந்திரா காந்தியும் முஜீபுர் ரஹ்மானும் 1974இல் செய்த எல்லை உடன்பாடு நாற்பதாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 2015இல் இந்தியா தன் அரசியலமைப்பின் 100ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்திய நிலத்திட்டுகளும், இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேச நிலத்திட்டுகளும் ஜூலை 31 நள்ளிரவில் கைமாறின. அதற்கு முன் இரு நாட்டு அலுவலர்களும் வீடு வீடாகச் சென்று எந்த நாட்டின் குடிமகனாக வாழ விரும்புகின்றாய் என்று கேட்டனர். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரில், இடம் பெயர்ந்து இந்தியாவுக்கு வர விரும்பியோர் ஆயிரத்துக்கும் குறைவே. 1964இல் செய்யாத ஒன்றை 2015இல் செய்ய முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டில், வங்கக் கடலில் சர்ச்சைக்குரிய பரப்பின் பெரும்பகுதியைப் பன்னாட்டு நடுவர் மன்றம் வங்கதேசத்துக்கு வழங்கியபோது, வலிமை மிக்க இந்தியா அத்தீர்ப்பை ஏற்றது. அதனால் இந்தியா சிறுமையடைந்துவிடவில்லை.

நம் நகரிலும் நல்ல சான்றுகள் உண்டு. 2014 ஜனவரி 27ஆம் நாள் தமிழ்நாட்டு மீனவர் பிரதிநிதிகளும் இலங்கை மீனவர் பிரதிநிதிகளும் சென்னையில் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். முடிவு எட்டவில்லை. ஆயினும் தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவை மடி தம் வலைகளை அறுத்துக் கடலடியைச் சுரண்டுகின்றது என்னும் முறையீட்டை, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களின் வாயாலேயே நாம் கேட்கும் வாய்ப்பு அமைந்தது. சுடப்பட்டும் சிறைப்பட்டும் துன்புறும் நம் மீனவர்களின் துயர் பெரிது. அத்துயரைப் பேசும் மேடையிலேயே அக்கரை மீனவனின் துயரும் பேசப்படுமானால்தான் இவ்வழக்கு தீரும். அவனும் தமிழ் பேசுபவனே, சிறு படகுக்காரன், போரால் ஒருமுறை கடலை இழந்தவன்.

2022இல் இலங்கை பொருளாதாரச் சீர்குலைவில் வீழ்ந்தபோது, தமிழ்நாடு அரசு அங்குள்ள தமிழர்க்கு உதவ முன்வந்தது. இலங்கைத் தமிழ்த் தலைவர்களோ, எங்களைத் தனியே பிரித்து உதவ வேண்டாம், அனைவர்க்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று வேண்டினர். அவ்வேண்டுகோளை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்திலேயே எடுத்துரைத்தார். ஏப்ரல் 29ஆம் நாள் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்புவதென முடிவாகி, மே 18ஆம் நாள் முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பெறுவோரைக் கேட்டுக் கொடுத்த கொடை அது. அந்த அரிசி சிங்களர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் உலையேறியது. 1987இல் வானிலிருந்து வீசப்பட்ட உணவுப் பொதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவாக

இலங்கையின் துறைமுகங்களுக்கு இன்று வேறு வல்லரசுகளும் விலை பேசுகின்றன. 2017இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதனைக் காட்டி, இனி மக்கள் உரிமை பேசினால் இலங்கை நம் கையைவிட்டு நழுவிவிடும் என்று எச்சரிப்போர் பெருகியுள்ளனர். அவர்களுக்கு வரலாறே விடை. 1964இல் மக்களைக் கேளாமல் பெற்ற நல்லுறவு என்னவாயிற்று? 1974இல்? 1987இல்? அவ்வழியில் நாம் ஈட்டியது ஐயமும் பகையும்தான். பெரிய நாடுகள் பணத்தாலும் படையாலும் பிறரோடு போட்டியிடலாம். கேட்டுச் செய்யும் நாடு என்ற பெயரை ஈட்டுவதில் மக்களாட்சி நாட்டோடு போட்டியிட மற்றவர்க்கு எளிதன்று.

ஆகவே, நாளை டில்லியும் கொழும்பும் புதியதோர் உடன்பாட்டைக் கொண்டுவருமானால், பாலமோ மின்தடமோ மீன்பிடியோ எதுவாயினும், நம் ஏடுகள் மூன்று வினாக்களோடு அதனைப் படிக்கட்டும். இதன்கீழ் வாழப்போகின்றவர்கள் யார்? அவர்களின் பெயர் இதில் உண்டா? அவர்களைக் கேட்டது எப்போது, எங்கே? இவ்வினாக்களுக்கு விடையில்லாத உடன்பாட்டை, அது நமக்கு எத்துணை ஆதாயம் தருவதாயினும், நல்லதென்று நாம் எழுதலாகாது. பெரிய வீட்டில் வாழ்பவனுக்கு அண்டை வீட்டின்பால் உள்ள முதற்கடமை, கதவைத் தட்டிவிட்டு விடை வரும்வரை வாசலில் நிற்பதாகும்.